உள் தாழ்ப்பாள்

அந்தக் கல்லை எடுக்காதீர்கள் தம்பி. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். உட்கார வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வாருங்கள், பழைய சீட் ஒன்று கிடக்கிறது. ஸ்பிரிங் குத்தாத ஓரமாகப் பார்த்து உட்காருங்கள். காலடியிலும் பார்த்துக்கொள்ளுங்கள், கழற்றிய இரும்பையெல்லாம் அங்கேதான் குவித்திருக்கிறார்கள். தரை மட்டமாகத்தானே இருக்கிறது, முட்டு எதற்கு என்கிறீர்களா? பட்டறை மேஸ்திரியும் அதையேதான் கேட்டார். வண்டி என்றால் நகரும் தம்பி. நகராது என்று நாம் நம்பிக்கொண்டு நிற்கும்போதுதான் நகரும்.

உங்களுடையது அந்த மஞ்சள் வண்டியா? பள்ளிக்கூடத்து வண்டி. பெயிண்ட் மட்டும்தானே, சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். கொடுத்துவைத்தவர். என்னுடையது இதோ இது. என்ன வண்டி என்று எல்லோரும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்க்கிறார்கள். பஸ்ஸா என்கிறார்கள், ஆம்புலன்ஸா என்கிறார்கள். ஒருத்தர் நடமாடும் ஆஸ்பத்திரியா என்று கேட்டார். வீடு தம்பி. உள்ளே கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பாத்திரம் கழுவத் தொட்டி இருக்கிறது, கக்கூஸ்கூட இருக்கிறது. ஒரு காலத்தில் சினிமாக்காரர்களுக்கு ஓடிய கேரவன். பழசாகிவிட்டதென்று கழித்துவிட்டார்கள், நான் வாங்கினேன்.

பழைய கூரை எப்படி நசுங்கியது என்று கேளுங்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். புயல். புயல் என்றதும் மரம் விழுந்ததா என்பார்கள். புயல் என்றால் மரம்தான் விழவேண்டுமா? என் வண்டிமேல் வீடு விழுந்தது. என் வீடேதான். வெளியாள் வீடு விழுந்திருந்தாலாவது நாலு வார்த்தை கேட்கலாம்.

இருங்கள். அந்த ஆள் ஏணியை எங்கே சாத்துகிறான் பாருங்கள். ஏம்பா, புதுத் தகடுப்பா, ஓரத்துல சாத்துப்பா! காதிலேயே வாங்கமாட்டான். மூன்றாவது தடவை சொல்கிறேன்.

என் பெயர் கலியபெருமாள். கடலூர் தாண்டிப் புதுச்சத்திரம் பக்கம். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். சிதம்பரம், சேலம், திரும்பச் சிதம்பரம். வேலையில் இருந்தவரைக்கும் வீட்டில் படுத்த ராத்திரி குறைச்சல். எந்த ஊர் டெப்போவில் தண்ணீர் நன்றாக இருக்கும், எந்த ஊரில் மூட்டைப்பூச்சி கடிக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். எங்கள் வீட்டில் அஞ்சலாட்சி, அவள்தான் என் சம்சாரம், அடிக்கடி ஒன்று சொல்வாள்: "ஊருல இருக்கற சனத்தையெல்லாம் ஏத்திக்கினு போற, என்ன ஒருநாளு ஏத்திக்கினு போனியா?" அது மனதில் கிடந்தது. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக இதை வாங்கிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினேன். ஏறு என்றேன். அவள் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுல எங்க போறது?" என்றாள். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றேன். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

ராமேஸ்வரம் போனோம். திருச்செந்தூர் போனோம். கன்னியாகுமரியில் கொண்டுபோய் நிறுத்தி, கதவைத் திறந்து, பார் சமுத்திரம் என்றேன். "இதத்தான் வூட்டுலேந்தே பாக்கறமே" என்றாள். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அவளுக்குத் தமாஷாகப் பேச வரும்.

உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது, ஆள் உயரம், சுற்றிலும் பல்பு. நடிகைகள் மேக்கப் போட்ட கண்ணாடி. அதற்கு நேர் எதிரில்தான் அடுப்பு. குழம்பு கொதிக்கிறபோது தன்னையே பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குக் கூச்சம். பழைய புடவையைக் கிழித்து அதன்மேல் போட்டு மூடிவிட்டாள். விருந்தாளி வந்து பார்க்கிறபோது நான் எடுத்துவிடுவேன், அவர்கள் போனதும் அவள் போட்டுவிடுவாள். வீடு வந்து விழுந்ததில் கூரை போயிற்று, கட்டில் போயிற்று, ஜன்னல் நாலும் போயிற்று, அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பல்புகூட எரிகிறது.

வண்டி ஓட்டும்போது அவள் பின்னால்தான் உட்காருவாள். முன்னால் ஒரு சீட் இருக்கிறது. ஆனால் முன்னால் உட்கார்ந்தால் பேச்சுக் கொடுக்கத் தோன்றும், இல்லையா? ஓட்டுநருடன் பேசாதீர் என்று பலகை ஒன்று வைத்திருக்கிறேன், டிரைவர் சீட்டுக்குப் பின்னால். விளையாட்டுக்கு வைத்ததுதான். ஆனாலும் அவள் அதை மதிப்பாள். திருச்செந்தூர் போய்த் திரும்புகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படிப்பட்ட பயணி ஒருத்தர் எனக்குச் சர்வீஸிலேயே கிடைத்ததில்லை.

புயல் அன்றைக்கு நடுப்பகல். ஆனால் வீட்டுக்குள் விளக்குப் போடுகிற இருட்டு. காற்று பலமாக இருக்கும், பழைய கட்டடத்தில் இருக்காதீர்கள் என்று காலையிலிருந்து ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். என் கவலை வண்டி. வீடு நிற்கிற இடத்தில் நிற்கும். வண்டிக்குச் சக்கரம் இருக்கிறது. உயரமான வண்டி, பக்கவாட்டில் காற்று அடித்தால் பாய்மரம் மாதிரிதான். டெப்போவாக இருந்தால் நாலு வண்டியை ஒட்டி ஒட்டி நிறுத்தி ஒன்றுக்கொன்று அணைவாக்கிவிடுவோம். இங்கே ஒற்றை வண்டி. எதை அணைத்து நிறுத்துவது? வீட்டைத்தான். வாசலை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினேன், முட்டுக் கொடுத்தேன், லாரிக்கயிறு இரண்டு எடுத்து வண்டியை வீட்டு முகப்புத் தூண் இரண்டிலும் இழுத்துக் கட்டினேன். என் கட்டு அவிழாது. இன்றைக்குவரைக்கும் அவிழவில்லை, அறுத்துத்தான் எடுத்தோம்.

தூண்தான் தாங்கவில்லை.

கட்டியவன் சரியில்லை தம்பி. அந்த வீட்டை அவள்தான் நின்று கட்டினாள், நான் லைனில் இருந்தேன். ஓட்டு வீடு, முன்னால் இரண்டு சிமெண்டுத் தூண். ஊற்றின தூணுக்குக் காலையும் சாயங்காலமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவாள், குழந்தைக்கு ஊற்றுகிற மாதிரி. என்ன ஊற்றி என்ன? பெண்பிள்ளை நின்று கட்டினால் வேலைக்காரன் ஏமாற்றத்தானே செய்வான். கம்பியைக் குறைத்திருப்பான்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஓடுகிறது, கியரில் போட்டிருக்கிறேன், ஒரு கால் கிளட்சில், ஒரு கால் பிரேக்கில். கயிறு ஒரு பக்கம், பிரேக் ஒரு பக்கம். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், கால் மரத்துப்போய் யாருடைய காலோ மாதிரி ஆகிவிட்டது. முதலில் காற்று கடல் பக்கத்திலிருந்து வந்தது. வண்டி அசையவில்லை. அப்புறம் கொஞ்சம் ஓய்ந்தது. ஓய்ந்துவிட்டு, அப்படியே திசை மாறி வீட்டுப் பின்பக்கமாக வந்தது பாருங்கள், அதுதான் காற்று. ஓடு ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. வண்டிமேல் விழாமல் இருக்க வேண்டுமே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவள் வந்து கதவைத் தட்டினாள்.

தட்டினது கேட்டது. நன்றாகவே கேட்டது. "ஓடெல்லாம் பறக்குதுய்யா, நானும் உள்ள வரேன், கதவத் தெற" என்றாள். நீங்களே யோசியுங்கள். உள் தாழ்ப்பாள் இருப்பது வண்டியின் நடுவில். எழுந்துபோய்த் திறக்க வேண்டுமென்றால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். எடுத்தால் வண்டி போய்விடும். அதுவும் காற்று இப்போது கதவுப் பக்கம். திறந்தால் உள்ளே புகுந்து கூரையைக் கழற்றிக்கொண்டு போய்விடும். ஓடுகிற எஞ்சினை விட்டு டிரைவர் எழுந்திருக்கக் கூடாது என்பது முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். "நீ உள்ள போ! காத்துப் பூந்துடும்!" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டதோ என்னவோ, இன்னொரு தடவை தட்டினாள். முதல் தடவை மாதிரி இல்லை, மெதுவாக. நான் மறுபடியும் கத்தினேன். அப்புறம் தட்டவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

பின்னால் குளியலறை இருக்கிறது. வீட்டிலேயே அது ஒன்றுதான் தளம் போட்டது. அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள். முகப்பு இடிந்து விழுந்தபோது அவள் மேல் ஒரு தூசி படவில்லை. நான் திறந்திருந்தால் வண்டிக்குள் இருந்திருப்பாள், கட்டில் இருந்த இடத்தில்தான் விட்டம் வந்து விழுந்தது. இதை அவளிடம் சொன்னேன். ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கப் போய்விட்டாள்.

எல்லாம் அடங்கினதும் இறங்கினேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தேன், டயரைப் பார்த்தேன், அப்புறம் அவளைக் கூப்பிட்டேன். வந்து நின்றாள். முழுக்க நனைந்திருந்தாள். தூண் இரண்டும் கயிற்றோடு வண்டிப் பக்கம் சாய்ந்து கிடந்தன. நிலைக்கதவு கழன்று தெருவில் கிடந்தது. "வண்டி நல்லாருக்கா?" என்று கேட்டாள். பாருங்கள், அந்த நேரத்திலும் வண்டியைத்தான் கேட்கிறாள். "கூரை போச்சு" என்றேன். "ஆமாம், கூரை போச்சு" என்றாள்.

மறுநாள் அவள் தம்பி தெய்வீகன் பண்ருட்டியிலிருந்து பைக்கில் வந்தான். ஏறி உட்கார்ந்து போய்விட்டாள். எனக்கு அதில் வருத்தமில்லை. படுக்க இடம் இல்லாதபோது என்ன செய்வாள்? அதனால்தான் வீட்டை அப்படியே போட்டுவிட்டு வண்டியைக் கையில் எடுத்தேன். வண்டி சரியாகிவிட்டால் அடுப்பும் கட்டிலும் அதிலேயே இருக்கிறதே. நேராகப் பண்ருட்டி போய், தெய்வீகன் வாசலில் நிறுத்தி, ஹாரன் அடித்து, ஏறு என்று சொல்ல வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பட்டறையில் கேட்டேன். பார்த்துவிட்டு, காய்லாங்கடைக்குப் போடுங்க பெரியவரே என்றார்கள். ஒருத்தன் கண்ணாடியை மட்டும் விலைக்குக் கேட்டான். தார்ப்பாயைப் போட்டு அதே லாரிக்கயிற்றால் கட்டி, பஸ் பாடி கட்டுகிற இந்த ஊர்வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் தார்ப்பாய் அடித்துக்கொள்கிற சத்தம், யாரோ தட்டுகிற மாதிரி. நாலைந்து இடத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்.

இங்கேயும் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "முழுசா இறக்கிப்போட்டுக் கட்டறதுன்னாச் சொல்லுங்க, ஒட்டு வேல நமக்கு ஆகாதுங்க" என்றார் மேஸ்திரி நல்லுசாமி. நல்ல மனிதர். நான் இங்கேயே படுத்துக்கொண்டதும் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். பக்கத்து ஹோட்டலில் சாப்பாடு. வளைந்த கம்பியை வளைந்த இடத்திலேயே நிமிர்த்தி, பலகையெல்லாம் ஊறிப்போனதைக் கழித்து, ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி, மேலே புதுத் தகடு. நாளைக்கு நாளைக்கு என்கிறார். என்னால் உட்காரவே முடியவில்லை தம்பி. உட்கார்ந்தால் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது.

தினமும் பண்ருட்டிக்குப் போன் போடுவேன். தெய்வீகன்தான் எடுப்பான். "அக்கா குளிக்குது மாமா" என்பான். காலையில் போட்டாலும் குளிக்கிறாள், மத்தியானம் போட்டாலும் குளிக்கிறாள். ஒரு பெண்பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள், சொல்லுங்கள்.

இது என்ன பொட்டலம் என்று பார்க்கிறீர்களா? தாழ்ப்பாள். பிரித்துப் பார்க்கலாம், பாருங்கள். என்ன கனம்! பழையது தகரம் மாதிரி, புயலன்றைக்குக் கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது, பிய்ந்துவிடுமோ என்று பயந்துபோனேன். இங்கே கடைவீதியில் தேடிப்பிடித்து வாங்கினேன். "இது மாட்டுச்சாலைக்குப் போடறதுங்க" என்று மேஸ்திரி சிரிக்கிறார். சிரிக்கட்டும். அடுத்த புயலுக்கு யாராலும் அசைக்க முடியாது.

இன்றைக்குக் காலையில் ஒரு விஷயம் நடந்தது. நீங்கள் பஸ் பாடி கட்டுகிற இடத்தில் தண்ணீர் விட்டுப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கூரை போட்டு முடிந்ததும், மேலே குழாயைப் பிடித்து மழை மாதிரி அடிப்பார்கள். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். சொந்தக்காரனே உட்காருவதுதான் இங்கே வழக்கம். அப்புறம் ஒழுகுகிறது என்று சண்டைக்கு வர முடியாது பாருங்கள். சரி என்று ஏறி, பழைய தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். வெளியே ஆரம்பித்தார்கள். அடாடா, என்ன சத்தம். புதுத் தகடு இல்லையா, நடு மண்டையில் கொட்டுகிற மாதிரி இருந்தது. ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. நான் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கதவை யாரோ தட்டுகிறார்கள்.

கேட்டது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் தண்ணீர் அடிக்கும்போது திறக்கலாமா? உள்ளே புகுந்துவிடாதா? அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் தட்டினார்கள். முதலில் ஓங்கி, அப்புறம் மெதுவாக. கால் பிரேக்கில் இருந்தது. எஞ்சின் ஓடவில்லை, கியரில் இல்லை, கல் முட்டுக் கொடுத்திருக்கிறது, ஆனாலும் எடுக்க வரவில்லை. மெதுவாகத் தட்டுவார்களா, சொல்லுங்கள்? திறக்க வேண்டுமென்று நினைப்பவர் ஓங்கித்தானே தட்ட வேண்டும்?

தண்ணீர் நின்று இறங்கிப் பார்த்தால் நல்லுசாமி, கசிவைத் தானும் உள்ளே பார்க்க வந்தாராம். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நிற்கிறார். குழாய் பிடித்தவன் அவர் நிற்பதைப் பார்க்கவில்லை. "ஏனுங்க, வண்டிய டெஸ்ட் பண்ணச் சொன்னா என்னைய டெஸ்ட் பண்றீங்களே" என்றார். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். "நான் தட்டுனது கேக்கலீங்களா?" என்றார். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். எதற்கு வம்பு. துண்டை எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "ஒழுகுச்சுங்களா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை தம்பி. கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுகிற்றா இல்லையா என்று இப்போது கேட்டாலும் சொல்ல முடியாது.

டீ சொல்லட்டுமா? அண்ணே, இங்கே ரெண்டு டீ!

இன்னொரு தடவை தண்ணீர் விட்டார்கள். அந்தத் தடவை மேஸ்திரியே உள்ளே உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே நின்றேன். குழாய்த் தண்ணீர்தான், வெயில் வேறு அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் மேலே தெறித்தது குளிர்ந்தது. உள்ளே அவர் நிழலாகத் தெரிந்தார். சும்மா ஒரு தடவை கதவில் விரலை வைத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் போன் வந்தது. அவளே பேசினாள்.

"நான் வூட்டுல இருக்கேன்" என்றாள்.

"எந்த வூட்டுல?"

"நமக்கு எத்தினி வூடு இருக்கு? புதுச்சத்திரத்துலதான்."

"எப்பிடிப் போன?"

"பஸ்ஸுல."

போய் நாலைந்து நாளாகிறதாம், பஸ்ஸில் போயிருக்கிறாள். தனியாக. ஜன்னலோரம் சீட் கிடைத்ததாம். கண்டக்டர் நல்ல பையனாம். பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்து கடலூர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாளாம். இவளும் பேசினாளாம்.

"தெய்வீகன் ஆளு இட்டாந்திருக்கான். ஓடு மாத்தறாங்க. தூணு ரெண்டும் புதுசா ஊத்தியாச்சி" என்றாள்.

"தண்ணி ஊத்தறியா?"

"ஊத்தறேன்."

நான் சொன்னேன், வண்டி நாளைக்கு முடிந்துவிடும், நேராக வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறேன் என்று. "எங்க போறதுக்கு?" என்று கேட்டாள். எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு ஊர்ப்பெயரும் வாயில் வரவில்லை. இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன், போர்டில் எழுதியிருக்கிற ஊரெல்லாம் தலைகீழாகச் சொல்வேன். ஒன்றும் வரவில்லை.

அவளே பேசினாள். "சாப்ட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். "கதவு இன்னும் மாட்டல. ஆசாரி தை பொறந்துதான் வருவானாம். எப்ப வந்தாலும் தெறந்துதான் கெடக்கும். நீ தட்ட வேணாம்" என்றாள்.

கதவில்லாத வீட்டில் ஒரு பெண்பிள்ளை தனியாக எப்படிப் படுத்துக்கொள்வாள், சொல்லுங்கள். நாய் நுழையாதா என்று கேட்டேன். "நொழஞ்சா நொழையட்டும். மழையில அது எங்க போவும்?" என்கிறாள். அவளுக்குத் தமாஷாகப் பேச வரும் என்று சொன்னேன் இல்லையா. வைத்துவிட்டாள்.

அதிலிருந்துதான் இப்படி நடந்துகொண்டே இருக்கிறேன். நீங்கள் வந்ததால் கொஞ்சம் உட்கார்ந்தேன்.

வழி எது என்கிறீர்களா? பண்ருட்டி போகவேண்டியதில்லை இப்போது. திருச்சி, ஜெயங்கொண்டம், சிதம்பரம் என்று விட்டால் நேராகப் புதுச்சத்திரம். வாசலில் நிறுத்த முடியாது, தூண் ஈரமாக இருக்கும். கோயில் பக்கத்தில் காலி மனை இருக்கிறது, அங்கே நிறுத்திவிட்டு நடந்து போகலாம். அவ்வளவு தூரமில்லை.

மேஸ்திரி கூப்பிடுகிறார். "பெரியவரே, தாழ்ப்பாளக் கொண்டாங்க, வெல்டிங் ஆளு நிக்கிறானுங்க!" காதில் விழுகிறது. வருகிறேன் மேஸ்திரி, வருகிறேன்.

டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். காலை மட்டும் கொஞ்சம் நகர்த்துங்கள் தம்பி, இந்தப் பொட்டலத்தை அந்தப் பழைய இரும்போடு போட்டுவிடுகிறேன்.